மறந்து செய்த கேக்

மாக்கிறட் ஒரு கேக்கை இரண்டாம் தரம் செய்யமாட்டாள். மன்னார்த் தீவில், பேசாலையில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், தலைமன்னாரில் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் மாக்கிறட்டே வலியச் சொல்லுவாள், அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. கலியாணக் கேக் போடத் தொடங்கி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் ஒரு பெண்ணுடைய கேக் இன்னொரு பெண்ணுடைய மேசைக்குப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை.

"எண்டைக்காவது ஒண்டைத் திரும்பிச் செய்தனெண்டா, அண்டைக்கே கேக் சுடுற போறணையை இடிச்சுப்போட்டு வீட்டில இருப்பன்" என்று மாதா கோயில் முற்றத்தில் வைத்தே சொல்லியிருக்கிறாள். பங்குச் சுவாமியாரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மேசையில் மாடி மாடியாக நிற்பது முழுக்கக் கேக் இல்லை என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். உள்ளே பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் அட்டை, வெளியே ஐசிங். மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு உண்மையான கேக் இருக்கும். விருந்துக்கு வந்தவர்களுக்கான கேக் வேறாக வெட்டி, சின்னப் பெட்டிகளில் போட்டுத் தட்டத்தில் வரும். மற்றக் கேக்காரர்கள் கலியாணம் முடிய அந்த றெஜிபோம் மாளிகையைத் திரும்பக் கொண்டுபோய், தூசு தட்டி, றிபனை மாற்றி, அடுத்த கிழமை அடுத்த பெண்ணுக்கு வாடகைக்கு விடுவார்கள். மாக்கிறட் விடமாட்டாள். விருந்து கலைகிற நேரத்தில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் கையாலேயே உடைப்பாள். சிலர் அதைப் பார்ப்பதற்கென்றே கடைசிவரை இருந்து போவார்கள்.

உடைப்பதோடு நின்றாளா என்றால் அதுவும் இல்லை. தான் செய்த கேக்குகளின் ஒரு படத்தைக்கூட அவள் வீட்டில் வைத்திருக்கவில்லை. யாராவது அல்பத்தைக் கொண்டுவந்து காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருமகள் அஞ்சலாவின் போன் விறாந்தையிலேயே இருக்கவேண்டும், குசினி வாசலைத் தாண்டக் கூடாது. "பழசைப் பாத்தா கை பழசுக்குத்தான் போகும். மறந்தாத்தான் புதுசு வரும்" என்பாள். அது அவளுடைய தொழில் இரகசியம் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் கடைசி இரண்டு வருடமாகப் புதுசு வரவில்லை. இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அஞ்சலாவுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் மாக்கிறட் ஐசிங் பையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதை அவள்தான் கண்டாள். பெண் வீட்டுக்காரர் போனில் கொழும்புக் கேக், டுபாய்க் கேக் என்று படம் காட்டி, "இப்பிடியே செய்து தாங்கோ" என்று கேட்டு வருவார்கள். "அப்ப அந்தப் போனையே தட்டத்தில வைச்சு வெட்டுங்கோ" என்று அனுப்பிவிடுவாள். கோபத்தில் அனுப்புகிறாள் என்று ஊர் சிரித்தது. பயத்தில் அனுப்பினாள் என்பதுதான் உண்மை. அப்படிக் கலைத்துக் கலைத்து, வருகிறவர்களும் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அன்ரோனெற் வந்தாள். தலைமன்னாரில் பிறந்தவள். சண்டை நேரத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் மகளை வளர்த்து, சில வருடங்களுக்கு முன்னர்தான் திரும்பி வந்தவள். மகள் ஜெனிற்றாவுக்குக் கலியாணம் என்றாள்.

"என்ர கலியாணத்துக்கும் நீங்கள்தான் அக்கா செய்தனீங்கள்."

"அப்பிடியே, சந்தோசம்" என்றாள் மாக்கிறட். மன்னாரில் பாதிப் பேர் அவளிடம் இதைத்தான் சொல்வார்கள். "என்ன மாதிரி வேணும்?"

"உங்கட விருப்பம். நீங்கள் எப்பிடிச் செய்தாலும் சரி."

இப்படி ஒருத்தி சொல்லி எவ்வளவு காலம்! மாக்கிறட் உடனேயே சரி என்றுவிட்டாள். நாள் போனது, ஒன்றும் வரவில்லை. அஞ்சலா றெஜிபோம் தட்டுகளை வட்டமாக வெட்டி வைத்துவிட்டு, மாமியின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தாள். பிறகொரு காலை, பிரசருக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில், டொக்டரின் அறை வாசலில் யாரோ கழற்றிவிட்ட செருப்பைக் கண்டாள் மாக்கிறட். கண்டவுடன் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மருந்தும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை, ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அஞ்சலா! வந்திட்டுது!"

மாடிகளை நேராக அடுக்காமல் ஒரு பக்கமாகச் சரித்து, காற்றள்ளிய மணல்போல ஏற்றினாள். சுற்றிவர மீன்வலைக் கண்போல மெல்லிய ஐசிங் பின்னல். உச்சியில் பொம்மை மாப்பிள்ளை, பொம்மைப் பெண், புறா, அன்னம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக் கதவு மட்டும், பாதி திறந்தபடி. பின்பக்கம், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், சின்ன வாசல்படி. அதில் சீனியில் செய்த இரண்டு சோடிச் செருப்புகள், ஒன்று ஆணுடையது, ஒன்று பெண்ணுடையது. இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள் என்று அர்த்தம். மாக்கிறட் வேலை செய்துகொண்டே பாடினாள். அவள் பாடி அஞ்சலா கேட்டது அதுதான் முதல் தரம், அந்தக் குரலுக்கு அது முதலும் கடைசியுமாக இருந்தால் நல்லது என்றும் மருமகள் நினைத்தாள்.

கலியாணத்தன்று காலை மண்டபத்தில் கேக்கைப் பூட்டி நிறுத்திவிட்டு, கடைசியாக மாக்கிறட் தனியே பின்பக்கம் போனாள். ஒரு குச்சியால் ஆண் செருப்பில் ஒன்றை மெல்லக் கவிழ்த்துவிட்டாள். அவசரமாக உள்ளே போனவன் அல்லவா, நேராகக் கழற்றி வைக்க நேரம் எங்கே? தன் குறும்பை நினைத்துத் தானே சிரித்தாள். பிறகு ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற இடைவெளி மட்டும் விட்டு மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளி, மேலே வெள்ளைத்துணியைப் போட்டு மூடினாள். அந்தச் செருப்பு கவிழ்ந்து கிடப்பது அஞ்சலாவுக்குக்கூடத் தெரியாது.

பூசை முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் படம் பிடிக்கக் கடற்கரைக்குப் போன நேரத்தில், சாப்பாடு எல்லாம் சரியா என்று பார்க்க அன்ரோனெற் மண்டபத்துக்கு முன்னதாக வந்தாள். மாக்கிறட்டுக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, துணியை எடுத்துக் காட்டினாள்.

அன்ரோனெற் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது, அதையும் குனிந்து எடுக்கவில்லை. மாக்கிறட் பாராட்டுக்காகக் காத்திருந்தாள். அவள் கண்ட வரையில் நல்ல கேக்குக்கு முதல் கூலி இந்தப் பேச்சடைத்த முகம்தான்.

"இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றாள் அன்ரோனெற்.

"எதை?"

"இந்தக் கேக்கை."

"ஆர் சொல்லோணும்? எனக்குத் தானா வந்தது."

அன்ரோனெற் நின்ற இடத்தில் இருந்து அசையவில்லை. கண் கதவிலேயே இருந்தது. "பின்னுக்கு ஒரு படி இருக்கும்" என்றாள். "படியில ரெண்டு சோடிச் செருப்பு இருக்கும். ஆம்பிளைச் செருப்பில ஒண்டு கவிண்டு கிடக்கும்."

மாக்கிறட்டின் கையிலிருந்து துணி நழுவியது. முதலில் வந்தது கோபம்தான். எவளோ புகுந்து பார்த்துவிட்டாள் என்று அஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சலா மேசையின் பின்னால் எட்டிப் பார்த்து, "ஓம் மாமி, கவிண்டுதான் கிடக்கு" என்றாள். ஏதோ மாக்கிறட்டுக்குத் தெரியாது என்பதுபோல.

"ஆர் பாத்துச் சொன்னது?" என்றாள் மாக்கிறட்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. இது என்ர கலியாணக் கேக்." அன்ரோனெற் அருகிலிருந்த கதிரையில் பொத்தென்று இருந்தாள். "அண்டைக்கு நீங்கள் உடைக்கேக்க என்ர மனுசன் றெனால்ட் பின்னால போய்ப் பாத்திட்டு வந்து, 'என்ர செருப்பைக் கவிட்டுவிட்டிருக்கிறாளடி' எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவர். படகில தண்ணி ஏறேக்க பாரம் குறைக்கோணும் எண்டு பெட்டியைக் கடலில எறிஞ்சது. அல்பம் அதுக்குள்ள. எங்களை அக்கரையில விட்டிட்டுத் தாயைக் கூட்டிவாறன் எண்டு போன மனுசனும் திரும்பி வரேல்லை. ஒரு படம்கூட என்னட்ட இல்லை. பழசைக் கேட்டா நீங்கள் கலைச்சிடுவியள் எண்டு ஊருக்கே தெரியும், அதுதான் நான் கேக்கேல்லை. கேக்காமலே…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் மாக்கிறட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாக்கிறட்டும் அழுதிருக்கலாம். அவளுக்கு அழுகை வரவில்லை. முகத்தில் யாரோ அறைந்ததுபோல இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. மாக்கிறட் அங்கே ஒரு வாங்குப் பலகையில் போய் இருந்தாள். அஞ்சலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாமி, அவ எவ்வளவு சந்தோசப்படுறா. பிறகேன் இப்பிடி இருக்கிறீங்கள்?"

"விசரி, விளங்கேல்லையா உனக்கு? ரெண்டு வருசம் ஒண்டும் வரேல்லை. கடைசியா ஒண்டு வந்திட்டுது எண்டு துள்ளிக் குதிச்சன். அதுவும் பழசு."

"எவ்வளவு காலத்துக்கு முந்திச் செய்தது. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்தினாள் மாக்கிறட். சோற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். "செய்யேக்க எனக்குத் தெரியேல்லை எண்டதுதான் பயமாக் கிடக்கு. அந்தச் செருப்பைக் கவிட்டிட்டு நான் தனியச் சிரிச்சனான் அஞ்சலா. அண்டைக்கும் இப்பிடித்தான் சிரிச்சிருப்பன். எனக்குள்ள இனி ஒண்டும் இல்லை, அடிச்சட்டியைச் சுரண்டியிருக்கிறன். இதோட சரி. போறணையை இடிக்கிறதுதான்."

மாமி ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவாள் என்று அஞ்சலாவுக்குத் தெரியும். ஒன்பது வருடம் அந்தக் குசினியில் நின்றவள் அவள், அவளுக்கும் வேறு தொழில் தெரியாது.

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வெடி கொளுத்தினார்கள். ஜெனிற்றா மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கேக்கைக் கண்டு நின்றுவிட்டாள். "அம்மா, நீங்கள் சொல்லுற கதவு" என்றாள். பிறகு மாப்பிள்ளையிடம், "அம்மா சும்மா புழுகுறா எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றாள். முகாமில் ஒரு தறப்பாள் கூரைக்குக் கீழே வளர்ந்த பிள்ளைக்கு, சீனியில் கதவு செய்த கலியாணம் என்றால் கதையாகத்தான் இருந்திருக்கும். அவள் கவுணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிப் பின்னால் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண்மை கலைந்திருந்தது.

கேக் வெட்டுகிற நேரம். ஊரில் மைக்கைக் கண்டால் விடாதவர்கள் பலர் உண்டு, அன்ரோனெற் அந்த வகை அல்ல. அன்றைக்கு அவளே போய் மைக்கை வாங்கினாள். தன் கலியாணக் கேக்கை, படகை, பெட்டியை, றெனால்ட்டை எல்லாம் சொன்னாள். மண்டபத்தில் ஒரு கோப்பைச் சத்தம் இல்லை. "என்னட்ட இல்லாததை எனக்காக இவ்வளவு வருசமும் மனசில வைச்சிருந்து செய்து தந்த மாக்கிறட் அக்காவுக்கு…" என்று அவள் சொல்லும்போது சனம் திரும்பி மாக்கிறட்டைப் பார்த்தது. சிலர் கை தட்டத் தொடங்கினார்கள்.

சும்மா இருந்திருந்தால் போதும். தலையை ஆட்டிவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீரைத் துடைத்திருந்தால் அந்தக் கரையில் அவளுக்குச் சாகும்வரை புகழ்தான். மாக்கிறட்டால் அது முடியவில்லை. அவளுக்குத் தொழிலில் பொய் சொல்ல வராது.

"பொய்!" என்றாள் எழுந்து நின்று.

கை தட்டியவர்கள் தட்டிய கையோடு நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி, இருந்து, திரும்பவும் எழும்பினார். அஞ்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மனசில வைச்சிருக்கேல்லை. எனக்கு அன்ரோனெற்றின்ர கலியாணமும் தெரியாது, றெனால்ட்டின்ர முகமும் தெரியாது. மறந்துபோய்ச் செய்தனான். புதுசு எண்டு நினைச்சுக்கொண்டு செய்தனான். ஒரு கேக்கை ரெண்டாந்தரம் செய்யமாட்டன் எண்டு இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லித் திரிஞ்சன். இண்டைக்குச் செய்திட்டன். இதோட நான் விட்டிட்டன்."

அன்ரோனெற் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கிடந்தது, எடுக்க மறந்தவள்போல. கலியாண வீட்டில், பெண்ணைப் பெற்றவளின் முகத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று மாக்கிறட் நினைத்தாள். அன்ரோனெற் கேட்ட கேள்வி மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மறந்துபோயா செய்தனீங்கள்?"

"ஓம்."

"செருப்பைக் கவிட்டதும்?"

"அதுவும்தான்."

அன்ரோனெற் கேக்கின் பக்கம் திரும்பினாள். "நான் மறக்கக் கூடாது எண்டு இறுக்கிப் பிடிச்சதெல்லாம் என்னை விட்டுப் போயிட்டுது அக்கா. அவர்ர குரல்கூட இப்ப எனக்குச் சரியா வாறேல்லை" என்றாள். "நீங்கள் மறந்துவிட்டது முழுசா வந்து நிக்குது. எனக்கு அது போதும்." பிறகு மகளைக் கூப்பிட்டு, "வெட்டுங்கோ பிள்ளை" என்றாள். வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சனத்துக்கு மூச்சு வந்தது.

கேக் பெட்டிகள் தட்டத்தில் சுற்றி வந்தன. மாக்கிறட் மூலைக் கதிரையில் இருந்தாள். யாரும் கிட்ட வரவில்லை. உடைக்கிற நேரத்தில் அஞ்சலா கத்தியோடு வந்து நின்றாள், மாக்கிறட் வேண்டாம் என்று தலையசைத்தாள். திரும்பிச் செய்ததை உடைத்து இனி என்ன?

அப்போதுதான் உம்மு குல்சூம் எழும்பி வந்தாள். மண்டபத்துக்கு எதிரே புடவைக்கடை வைத்திருப்பவள், பெண் மாற்றி உடுக்கிற கூறைச் சேலை அவள் கடையில்தான் எடுத்தது. ஐம்பத்தெட்டு வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாக்கிறட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"மாக்கிறட் அக்கா, என்ட கலியாணத்துக்கும் நீங்கதான் கேக் செஞ்ச. எங்கட வாப்பா தட்டிவான்ல வெச்சுப் பிடிச்சிட்டு வந்தாங்க."

மாக்கிறட் தலையை ஆட்டினாள்.

"கலியாணம் முடிஞ்சு அடுத்த வருசம், சண்டைக்குள்ள, எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொல்லிட்டாங்க. உடுத்த உடுப்போட வெளிக்கிட்ட. அல்பம் அலுமாரிக்குள்ள. புத்தளத்தில இருந்து திரும்பி வரக்குள்ள அலுமாரியும் இல்ல, வீட்டுக்குக் கூரையும் இல்ல." அவள் கொஞ்சம் குனிந்தாள். "அந்தக் கேக்கும் உங்களுக்குள்ள கிடக்குமா? அதுவும் ஒரு நாளைக்கு வருமா? ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு என்ட மகள் றஸ்னாட கலியாணம்."

மாக்கிறட் தனக்குள்ளே தேடினாள். உண்மையாகவே தேடினாள், கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். ஒரு கதவில்லை, ஒரு பூவில்லை, ஒரு நிறம்கூட இல்லை. இத்தனை வருடங்களாகப் புதுசு வேண்டும், புதுசு வேண்டும் என்று அவள் துடைத்தெறிந்தவை யாருடைய பொருள்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடலும் சண்டையும் கொண்டுபோன பிறகு இந்தக் கரையில் மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே அல்பம் நானாக இருந்திருக்கலாம், அதையும் நானே கிழித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை" என்றாள். கண் கலங்கியது. "சொல்லுங்கோ, எப்பிடி இருந்தது? நீங்கள் சொன்னா நான் அப்பிடியே செய்து தாறன்."

உம்மு குல்சூம் சொல்ல வாயெடுத்தாள். "வெள்ளை. வெள்ளையில… மூண்டு தட்டு. இல்ல, நாலு. மேல ஒரு…" நிறுத்தினாள். கையைக் காற்றில் உயர்த்தி ஏதோ உருவத்தைப் பிடிக்கப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"யா அல்லாஹ்" என்றாள் மெல்ல. "எனக்கும் ஞாபகம் இல்லையே."

அஞ்சலா கத்தியோடு இன்னும் அங்கேயே நின்றாள்.

"அப்ப புதுசாத்தான் செய்யோணும்" என்றாள் மாக்கிறட். சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டேன் என்று திடுக்கிட்டாள்.

உம்மு குல்சூம் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

"செய்ங்க அக்கா. கண்டா நான் சொல்லுவன், இதுதான் எண்டு."